அம்மையாரின் பல்கலைக்கழகங்களும் நம் பிள்ளைகளும்

1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் அன்னி பெசன்ட். அதே ஆண்டு லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வாகி, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் இலவசச் சாப்பாடு வேண்டும் என்று வாதாடினார். அதே அம்மையார் 1909இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்டோர் உயர்வு பற்றிய கட்டுரைதான். அதன் சாரம் இது: நம் பிள்ளைகள் உடம்பு நாறுகிறது; தலைமுறை தலைமுறையாகத் தின்றதும் குடித்ததும் உடம்பில் ஊறிக் கிடக்கிறது; சில தலைமுறைகள் சுத்தமாக வாழ்ந்த பிறகுதான் மேல்சாதிப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரலாம்; அதுவரை தனிப்பள்ளி. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட நூலில் இக்கட்டுரையை எடுத்துப் போட்டிருக்கிறார்.

அதே 1909இல்தான் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் ஒரு பார்ப்பனச் சிறுவனைக் கண்டெடுத்தார். பெயர் கிருஷ்ணமூர்த்தி. அவன் எலும்பும் தோலுமாக, அழுக்காக இருந்தான் என்று அவரது வாழ்க்கை வரலாறே சொல்கிறது. ஆனால் அவனைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்ததாம்! குளிப்பாட்டிச் சோறு போட்டு உலக குரு ஆக்கக் கிளம்பினார்கள். அவன் அழுக்கு தண்ணீரில் போய்விடும். நம்ம புள்ளைங்க அழுக்கு போக மட்டும் தலைமுறைகள் ஆகும். சாதி என்பது மூக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தக் கட்டுரையை அம்மையாரின் கல்விப் பணியோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். அப்போது அவரது மோகம் சனாதன தர்மம். பாடநூலும் அதற்கேற்ப வந்தது. 1911இல் உலக குருவை வரவேற்கக் கிழக்கு நட்சத்திரச் சங்கம் பிறந்தது. கல்லூரிக்குள் அந்தப் பக்தி புகுந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 1913இல் முதல்வர் அருண்டேலும் பல ஆசிரியர்களும் விலகினார்கள். பின்னர் கல்லூரி மாளவியாவின் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குள் போயிற்று. அடுத்து 1916இல் ஹோம்ரூல். அதன் கையோடு தேசியக் கல்வி, அடையாறில் தேசியப் பல்கலைக்கழகம், தாகூர் வேந்தர். அதுவும் நீடிக்கவில்லை. 1925இல் உலகப் பல்கலைக்கழகம் என்ற அறிவிப்பு. 1929இல் நட்சத்திரச் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்துவிட்டார். உலகப் பல்கலைக்கழகமும் நிலைக்கவில்லை.

குருவின் மனசு திரும்பும்போதெல்லாம் பாடம் மாறியது, பெயர் மாறியது, வாத்தியார்கள் மாறினார்கள். இதை அம்மையாரின் சலனபுத்தி என்று சொல்லிப் பலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்ற ஒன்று உண்டு. இத்தனை பல்கலைக்கழகக் கனவுகளில் எதுவும் நம் பிள்ளைகளை மனதில் வைத்துக் காணப்பட்டதல்ல.

அப்படியானால் கர்னல் ஆல்காட்? 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தவர் அவர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பவுத்தம் தழுவத் துணை நின்றதும் அவரே. இந்த நன்றியை நாம் மறக்கவில்லை. அவர் பெயரிலான பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் இலவசமாகக் கல்வி தருகிறது. பெரிய பல்கலைக்கழகங்கள் கரைந்தன, சின்னப் பள்ளி நின்றது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆல்காட் காலத்தில் நமக்கு வாய்த்தது ஆரம்பப் பள்ளி. அதே சபையின் கல்லூரி அவர்களுக்கு. அந்தப் படிக்கட்டை யாரும் இடிக்கவில்லை.

பழங்கதையை ஏன் இப்போது கிளறுகிறாய் என்று கேட்கலாம். நான் ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் தோழர்கள் மாலை வகுப்பு நடத்திவருகிறார்கள். வகுப்பை எங்களிடம் கொடுங்கள், கட்டடம் கட்டித் தருகிறோம், பின்னால் கல்லூரியே வரும் என்று ஓர் ஆன்மிக அமைப்பு கேட்கிறது. முதலில் கணிப்பொறி என்றார்கள். அப்புறம் யோகா. இப்போது வேதக் கணிதம். "எது வந்தா என்னப்பா, புள்ளைங்க படிச்சா சரி" என்கிறார் காப்பி பறிக்கும் ஓர் அம்மா. அவர் ஆசை நியாயமானது. அதற்காகவே நாம் கேட்டாக வேண்டும்.

நாளைக்குக் குருவின் மனசு வேறு பக்கம் போனால் வகுப்பு நிற்குமா, நடக்குமா? பாடத்தை முடிவு செய்யும் இடத்தில் அந்த அம்மாவுக்கு நாற்காலி உண்டா? குருவை எதிர்த்துப் பேசிய வாத்தியார் மறுநாளும் வகுப்புக்கு வர முடியுமா? முட்டையும் கறியும் தின்கிற பிள்ளை அந்தக் கட்டடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அருளாசி பதிலாகாது.