எபிக்கா, சாகாவா?

பழனிசெட்டிபட்டி தடுப்பணையில் வழிந்து இறங்குகிற முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், வைகையோடு கலந்து வைகை அணைக்குப் போய்ச் சேர்கிறது. 1959இல் திறந்த அணை. அந்தத் தண்ணிக்கு அடியில் ஊர்கள் கிடக்கின்றன. அவற்றின் கதைதான் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்.

இந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'இதிகாசம்' என்றதும் கை தானாக 'எபிக்' என்று எழுதிவிடும். ராமாயணம், மகாபாரதத்துக்கு அப்படித்தானே பழகியிருக்கிறோம். ஆனால் இந்த நாவலின் பெயரை ஆங்கிலத்தில் 'சாகா' என்று சொல்வதும் உண்டு. தமிழில் எழுதினால் சாகாவரம் மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம். பேச்சுவழக்கில் ரெண்டுமே 'நீளமான கதை'தான். அப்போ எதைப் போட்டால் என்ன?

வித்தியாசம் இருக்கிறது. 'எபிக்' கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. அது செய்யுள், தேவர்கள், அரசர்கள், பெரும்போர்கள். 'சாகா' ஐஸ்லாந்துக்காரர்களின் சொல்; 'சொல்லப்பட்டது' என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'சொல்' என்பதற்கு இருக்கிற 'சே' அதற்குப் பங்காளி. ஐஸ்லாந்துச் சாகாக்கள் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் உரைநடையில் எழுதப்பட்டவை. காடும் மாடும் வைத்திருக்கிற குடும்பங்கள், நிலத் தகராறு, தலைமுறை தாண்டுகிற பகை. பேயத்தேவர் வீட்டு வாசலுக்கு எது பக்கம்? சாகாதான்.

நாவலில் எனக்குப் பிடித்த பக்கங்களும் அவைதான்: மண்ணையும் வேலையையும் அருகில் நின்று சொல்கிற பக்கங்கள். பேயத்தேவரின் துயரத்தைக் காவியமாக்கிவிட வேண்டும் என்று மொழி முறுக்கேறுகிற இடங்களில்தான், அதாவது 'எபிக்' ஆக ஆசைப்படும்போதுதான், நாவல் சறுக்குகிறது.

ஆனாலும் 'சாகா' முழுசாகப் பொருந்தவில்லை. ஐஸ்லாந்துக் கதைகளில் கடல் தாண்டி வந்து நிலம் பிடித்துக் குடியேறுகிறார்கள். கள்ளிக்காட்டில் நிலத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். இன்னொன்று, 'இதி ஹ ஆஸ' என்றால் 'இப்படித்தான் நடந்தது'. அது சாட்சி சொல்கிறவரின் வாக்கு. இந்தியில் 'இதிஹாஸ்' என்றாலே வரலாறு. 'சொன்னார்கள்' என்பதற்கும் 'நடந்தது' என்பதற்கும் நடுவில் ஒரு அணையே நிற்கிறது. அந்த அணைக்காகச் சின்ன வயதில் ஊரை விட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை வைரமுத்து. தெரிந்தேதான் அந்தச் சொல்லை எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் மொழிபெயர்த்தால் தலைப்பில் 'சாகா' என்றுதான் போடுவேன். முதல் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்ப்பேன்: இது நடந்தது.