சத்தத்தின் கணக்கு: பேய்ப்பட டிரெய்லர்களைப் பற்றி

அடுப்படியில் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தால் வீட்டில் எல்லாரும் திடுக்கிடுகிறோம். தட்டைக் கண்டு பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. தமிழில் வரும் பேய்ப்பட டிரெய்லர்கள் பலவும் இந்தத் தட்டு வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு நிமிடத்துக்குள் பத்துத் தட்டு விழுகிறது. மூன்றாவது தட்டுக்கே உடம்பு பழகிவிடுகிறது. பத்தாவது விழும்போது கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகிறது.

திடுக்கிடுவது அனிச்சைச் செயல். திடீரென்று சத்தம் கேட்டால் கண் மூடும், தோள் இறுகும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த எதிர்வினை மங்கிப்போகும். பயம் வேறு மாதிரி. அதற்குக் காத்திருக்க வேண்டும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஒலி, கேமரா, எடிட்டிங் மூன்றையும் ஒரு நல்ல டிரெய்லர் இந்தக் காத்திருப்பை உண்டாக்கத்தான் பயன்படுத்துகிறது என்பது என் கட்சி. நம்முடைய டிரெய்லர்களுக்குக் காத்திருக்கத்தான் பொறுமை இல்லை.

முதலில் ஒலி. நான் படித்தது பொறியியல். அதனாலோ என்னவோ, ஒரு டிரெய்லர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதன் ஒலியை ஆடாசிட்டியில் போட்டு அலை வடிவத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான் போட்டுப் பார்த்த தமிழ்ப் பேய்ப்பட டிரெய்லர்களில் நடிகர்கள் மாறுகிறார்கள், படம் மாறுகிறது, அலை மட்டும் பெரிதாக மாறுவதில்லை. தொடக்கத்தில் சில வினாடி இறங்கியிருக்கும். அப்புறம் கடைசிவரை செங்கல் சுவர்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் திரையரங்குகளில் டிரெய்லர்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் எழுந்தபோது அதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: 85 டெசிபல். அந்த 85 உச்சத்தைக் குறிப்பதில்லை, டிரெய்லர் முழுக்க வரும் ஒலியாற்றலின் சராசரியைக் குறிக்கிறது. யூடியூப்பும் சராசரியைத்தான் பார்க்கிறது. சராசரி அதிகமாக இருந்தால் மொத்தத்தையும் இறக்கிவிடும். ஆக, ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு ஒலி பட்ஜெட் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடமும் ஒரே அளவில் கத்தினால் எந்த இடமும் சராசரியைத் தாண்டாது. 110 வினாடி கிட்டத்தட்ட மௌனமாக இருந்துவிட்டு மீதி 10 வினாடியில் மொத்த ஆற்றலையும் செலவழித்தால், அந்த 10 வினாடி சராசரியைவிட ஏறக்குறைய 11 டெசிபல் உயரலாம். 10 டெசிபல் கூடினாலே காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். மௌனம் போட்டுவைத்த முதல் என்றால் அலறல் அதன் வட்டி. நம் டிரெய்லர்கள் முதலே போடாமல் வட்டி கேட்கின்றன.

ஆனால் மௌனம் மட்டும் போதாது. வெறும் மௌனத்தில் கொட்டாவிதான் வரும். மௌனம் பதற்றமாக மாற ஒரு விதி வேண்டும். இது நடந்தால் அது வரும் என்று பார்ப்பவனுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 2013இல் வந்த ‘தி கான்ஜூரிங்’ முன்னோட்டம் இதற்கு நல்ல பாடம். இயக்குநர் ஜேம்ஸ் வான் நம்ம ஊர்க்காரர்தான், கூச்சிங்கில் பிறந்து சிறு வயதிலேயே ஆஸ்திரேலியா போனவர். பிள்ளைகளும் அம்மாவும் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடும் ஒரு விளையாட்டு அதில் வருகிறது. ஒளிந்திருப்பவர் கை தட்ட வேண்டும், தேடுபவர் அந்தச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. கடைசியில் அம்மா நிலவறை இருட்டில் தீக்குச்சியோடு தனியாக நிற்கிறாள். அவள் முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் வந்து தட்டுகின்றன. கை தட்டுவது உலகத்திலேயே சாதாரணமான சத்தம். சவுண்ட் லைப்ரரியில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. விதியைப் படித்துவிட்ட நமக்கு அது இடியைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

இது ஏதோ வெளியூர் வித்தை, நமக்குப் புதிது என்று நினைத்தால் பழைய தமிழ்ப் படங்களை மறந்துவிட்டோம் என்றுதான் அர்த்தம். 1966இல் வந்த ‘யார் நீ?’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவையில் ஜெயலலிதா, இருட்டு, எங்கிருந்தோ வரும் ஒரு பெண் குரல். அந்தப் பாட்டு கேட்டால் அவள் வருவாள் என்பதுதான் விதி. அதைக் கற்றுக்கொண்ட பிறகு முதல் சில சுரங்களே போதும், மற்றதை நம் முதுகுத்தண்டு பார்த்துக்கொள்ளும். 2005இல் ‘சந்திரமுகி’ செய்ததும் ஏறக்குறைய இதுதான். பூட்டிய அறை, சலங்கைச் சத்தம். வடிவேலு பயந்து நடுங்குவதைப் பார்த்துச் சிரித்தோம். சலங்கை கேட்டதும் சிரிப்பு நின்றது. நம் சினிமாவுக்குப் பாட்டும் சலங்கையும் பேய்க் கதையில் எப்படி வேலை செய்யும் என்று நன்றாகத் தெரியும். இன்றைய டிரெய்லர்கள் அதை விட்டுவிட்டு, ஹாலிவுட் டிரெய்லர்களிலிருந்து எடுத்த அதே உறுமலையும் அதே உலோகக் கீறலையும் ஒட்டிவைக்கின்றன.

கேமராவுக்கு வருவோம். 1980இல் வந்த ‘தி ஷைனிங்’ டிரெய்லரில் ஒரே ஒரு ஷாட். ஹோட்டல் ஒன்றின் லிஃப்ட் கதவுகள். கேமரா அசைவதில்லை. எழுத்துகள் மேலே நகர்கின்றன, இசை மெதுவாக முறுகுகிறது. நாம் கதவையே பார்க்கிறோம், வேறு எதையும் பார்க்க விடுவதில்லை. பிறகு கதவோரத்திலிருந்து ரத்தம் கொட்டி, நாற்காலிகளை அடித்துக்கொண்டு வந்து லென்ஸையே மூடுகிறது. பேய் இல்லை, கதை இல்லை, கதாநாயகன் முகம்கூட இல்லை. அசையாத கேமரா ‘நீ போக முடியாது, உட்கார்’ என்கிறது. நம் டிரெய்லர்களில் கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற கேமராவுக்குப் பயம் தொற்றாது, அது ஏற்கெனவே தப்பித்துப் போய்க்கொண்டிருக்கிறது.

தமிழில் இதைப் புரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ‘பீட்சா’ (2012) படத்தில் விஜய் சேதுபதி கையில் ஒரு டார்ச்சோடு ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். டார்ச் வட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். மீதி ஃபிரேம் முழுக்க இருட்டு, அந்த இருட்டை நிரப்புவது நம் வேலை. அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) ஒரு பெண்ணை ஜன்னலுக்கு வெளியிலிருந்து வேவு பார்க்கும் கண்ணோடு தொடங்குகிறது. கேமரா எங்கே இருக்கிறது என்பதே அங்கே பயம்.

மூன்றாவது எடிட்டிங். ‘ஏலியன்’ (1979) டிரெய்லரில் வசனமே கிடையாது. ஒரு முட்டை, சைரன் போல எழும் ஓர் ஓலம், முதலில் நீளமான ஷாட்கள், பிறகு யாரோ துரத்துவது போலக் குறுகிக்கொண்டே போகும் வெட்டுகள். கடைசியில், விண்வெளியில் அலறினால் யாருக்கும் கேட்காது என்று ஒரு வாசகம். வெட்டின் வேகம் கூடிக்கொண்டே போகும்போது நெஞ்சும் கூடவே போகிறது. தொடக்கத்திலிருந்தே வேகமாக வெட்டினால் கூட்டுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நம் எடிட்டர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கையில் கொடுக்கப்படும் வேலையே வேறு. ஒரே டிரெய்லரில் பாட்டு, காமெடி, சென்டிமென்ட், ஃபிளாஷ்பேக் எல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) வரிசையில் பேய்க்கு அநியாயம் நடந்திருக்கிறது. அது பழிவாங்க வரும்போது நாம் அதன் பக்கம் நிற்கிறோம், விசில் அடிக்கிறோம். அந்தப் பேய்க்கு மாஸ் என்ட்ரிதான் பொருத்தம். ஆக, அந்த டிரெய்லர்கள் சத்தமாக இருப்பதில் எனக்குக் குறை இல்லை, அவை விற்பது நீதியை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், பயத்தை விற்க வரும் படமும் அதே அச்சில் டிரெய்லர் வெட்டும்போதுதான்.

குறும்படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரித்தார். “அஞ்சு செகண்டுல ஆளு ஸ்கிப் பண்ணிருவான் லா. மௌனமா இருந்தா ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு நினைப்பான்.” இந்தப் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. போனில், ரயிலில், பாதிக் கவனத்தில் பார்க்கிறவர்களுக்குத்தான் இப்போது டிரெய்லர் வெட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ‘ஹெரெடிட்டரி’ (2018) டிரெய்லரில் ஒரு சிறுமி நாக்கைச் சொடுக்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அதை மறந்திருக்கமாட்டார்கள். போன் ஸ்பீக்கரில் உறுமல் கேட்காது, தாழ்ந்த அதிர்வெண்களை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. நாக்குச் சொடுக்கு தெளிவாகக் கேட்கும். சின்னத் திரைக்காரனுக்கும் சின்னச் சத்தம்தான் லாபம்.

பணம் இல்லை என்பது இன்னொரு சமாதானம். பேய்ப்படம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1957இல் ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். பணத்தைப் பற்றி யோசிக்க எமிர் எஸ்வானின் ‘ரோ’வைப் (2019) பார்க்கலாம். ஒரு காடு, ஒரு குடிசை, விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்கள். எங்கிருந்தோ வந்த ஒரு சிறுமி, பௌர்ணமிக்குள் நீங்கள் எல்லாரும் செத்துவிடுவீர்கள் என்கிறாள். அதோடு விதி வந்துவிட்டது. அப்புறம் நிலா வளர வளர நாம் நாள் எண்ணுகிறோம். இந்தச் சின்னப் படத்தைத்தான் மலேசியா ஆஸ்கருக்கு அனுப்பியது.

கிள்ளான் பக்கம், பந்திங் பக்கம் பேய்க் கதை கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை குறைவு. செம்பனைத் தோட்டத்தில் ராத்திரி மட்டை விழும் சத்தம், சிங்க் கூரையில் ஏதோ நடக்கும் சத்தம், கடைசி கேடிஎம் போன பிறகு தண்டவாளப் பக்கம் விழும் அமைதி, எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. இங்கே எடுக்கப்பட்ட பேய்க் குறும்படங்கள் சிலவற்றின் டிரெய்லர்களைப் பார்த்தேன். இவற்றில் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. சென்னையிலும் கேட்கும், லாஸ் ஏஞ்சல்ஸிலும் கேட்கும் அதே உறுமல்தான்.

ஒரு தாமான் வீட்டை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆட்டோகேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, பிள்ளை “அப்பா வந்துட்டாரு”ன்னு ஓடுகிறது. மறுநாளும் அதே சத்தம், அதே ஓட்டம். பிறகு ஒரு ஷாட்டில் சுவரில் அப்பாவின் படம், அதற்கு மாலை. வீடு அமைதியாக இருக்கிறது. கேமரா அசையாமல் முன் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு பத்து வினாடி அப்படியே விடலாம். அப்புறம் வெளியே கேட் திறக்கிறது. இதற்கு ஆகும் செலவு ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி மட்டும்தான். அந்தப் பத்து வினாடியை வெட்டாமல் விடும் எடிட்டர் ஒருவர் நமக்குக் கிடைத்தால் போதும்.