‘கருங்காலி’ யாருடைய சொல்? புளியந்தோப்பு நிகழ்வும் புனைவின் நோக்குநிலையும்

முன்னுரை

புனைகதையைச் செம்மையாக்குதல் என்பது ஒற்றுப்பிழை களைதல், மிகைச்சொல் நீக்கல், வழக்குச்சொற்களை ஒருமைப்படுத்தல் ஆகியவற்றோடு நின்றுவிடுவதற்கில்லை. பிரதியில் உள்ள ஒரு சொல் கதைசொல்லிக்கு உரியதா, கதைமாந்தருக்கு உரியதா என வினவுவதும் பதிப்பாசிரியரின் கடமையாகும். 1921ஆம் ஆண்டின் புளியந்தோப்பு நிகழ்வைப் புனைவாக்க முனைவோர் எதிர்கொள்ளக்கூடிய சிக்கலைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிகழ்வும் சொல்லும்

1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை ஒன்றிணைத்தது. 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். பகைமை குடியிருப்புகளுக்குப் பரவியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைமைக்கும் எம்.சி. ராஜா முதலிய ஆதிதிராவிடத் தலைவர்களுக்கும் இடையிலான விரிசலை இந்நிகழ்வு ஆழப்படுத்தியது.

வேலைநிறுத்தத்தை மீறிச் செல்பவரைச் சுட்டத் தொழிற்சங்க வழக்கில் ‘கருங்காலி’ என்னும் சொல் உண்டு. “கருங்காலிகள் ஆலைக்குள் நுழைந்தனர்” எனக் கதைசொல்லி கூறுமிடத்துத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. அதே சொல்லை வாயிற்கதவின் முன் பசியோடு நிற்கும் ஒரு தொழிலாளி உரைப்பின், அது அவனது சினத்திற்குச் சான்றாகிறது. அதனைக் கேட்டபடி உள்ளே செல்லும் மற்றொருவனின் மனத்தில் அச்சொல் எதிரொலிப்பின், சாதியும் கூலியும் பிணைந்த அவனது நிலை வாசகருக்குப் புலனாகத் தொடங்குகிறது. ‘கலவரம்’ என்னும் பொதுச்சொல்லும் இத்தகையதே. எரித்தவர், எரிக்கப்பட்டவர் என்னும் வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது.

இரு முன்மாதிரிகள்

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடியில் வெளிவந்தது. ஆலைக்கூலியான அம்மாளுவின் வறுமையைக் காட்டும் அதன் கதைசொல்லி வாசகரை நேரே விளித்து எள்ளுகிறார். குற்றம் சுமத்தப்படுபவர் வாசகர் என்பதால் கதைசொல்லியின் வெளிப்படையான குரல் அங்கு வலிமை பெறுகிறது. புளியந்தோப்பு நிகழ்விலோ உழைப்பாளரே இரு தரப்பாக நின்றனர். அத்தகைய குரல் ஒரு தரப்பின் குரலாகச் சுருங்கிவிடக்கூடும்.

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் ஐஸ் ஹவுஸ் தொழிலாளர் போராட்டத்தை ஏய்டன் என்னும் அயர்லாந்து அதிகாரியின் பார்வையில் அமைக்கிறது. ஆட்சியின் உட்புறத்தையும் அதில் பங்குபெறுபவனின் குற்றவுணர்வையும் காட்ட இவ்வுத்தி உதவுகிறது. எனினும் தொழிலாளரின் அகம் அவன் காண்பதன் எல்லைக்குட்பட்டே வெளிப்படுகிறது. புளியந்தோப்பை எழுதுவோர் இவ்வுத்தியைக் கையாளின், வேலைக்குச் சென்றவரின் தேர்வு மீண்டும் வெளியாரின் விளக்கமாகவே எஞ்சும்.

செம்மையாக்கத்தின் பணி

ஆகவே பதிப்பாசிரியர் இப்பிரதியில் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். பழிச்சொல் எவரது நாவில் வருகிறது? செயப்பாட்டு வினையால் எவரது செயல் மறைக்கப்படுகிறது? பேச்சுவழக்கு ஒரு தரப்பினருக்கு மட்டும் தரப்பட்டு, மறுதரப்பினர் செந்தமிழில் உரையாடுகின்றனரா? மூன்றாவது வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே ஆலையில் உழைத்து, ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தோரைப் பேச்சால் பிரித்துக் காட்டுதல், கதை தொடங்கும் முன்பே அவர்களுள் உயர்வு தாழ்வு கற்பித்துவிடும்.

பழிச்சொற்களை நீக்கிவிடுதல் இதற்குத் தீர்வாகாது. அவை அக்காலப் பகைமையின் சான்றுகள். நீக்கினால் வரலாறு மழுங்கும். உரியவரிடம் அவற்றைச் சேர்ப்பித்தலே தேவை.

முடிவுரை

வேலைக்குச் சென்றவரைத் துரோகியாகவோ, வேலைநிறுத்தம் செய்தவரைச் சாதிவெறியராகவோ மட்டும் காட்டும் புனைவு, 1921இன் குற்றச்சாட்டுகளையே மறுபதிப்புச் செய்யும். நோக்குநிலை என்பது உத்தி மட்டுமன்று. எவருடைய காரணங்கள் கேட்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அறநிலையுமாகும். ஆசிரியர் விழிப்பிழந்த இடத்தில் அதனைச் சுட்டுதல் செம்மையாக்கத்தின் தலையாய பணி என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது.