நளபாகமும் கோப்பை கழுவுதலும்: ஆண்மை பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்தில் எம்மவர் எழுதிய சிறுகதைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு ஒரு பாத்திரம் நன்கு பழக்கமானது. ஊரில் அடுப்படிப் பக்கமே போகாத ஒருவன். தாயோ தமக்கையோ கோப்பையில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனவன். பாரிசிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ ஒரு றெஸ்ரோறன்றின் பின்பக்கத்தில் நின்று, குவிந்து கிடக்கும் கோப்பைகளைக் கழுவுகிறான். கொதிநீரின் ஆவியில் அவனுடைய கண்ணீர் எவருக்கும் தெரிவதில்லை. ஊருக்கு எழுதும்போது 'ஹோட்டலில் வேலை' என்று மட்டும் எழுதுகிறான். கடிதம் போய் வட்சப் வந்த பின்னரும் அவன் சொல்வது அதைத்தான்.

இக்கதைகள் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. நாமும் அந்தக் குசினிகளில் நிற்பவர்கள்தான். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றால் கால் என்ன பாடுபடும் என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இக்கதைகளில் வேலையின் களைப்பைவிட வேலையின் அவமானமே பெரிதாக எழுதப்படுகிறது. எதனால் இந்த அவமானம்? குறைந்த சம்பளம், விசா இல்லாமை, முதலாளியின் ஏச்சு எல்லாம் உண்டு. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. 'இது ஆம்பிளை செய்யிற வேலையில்லை' என்ற எண்ணம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? எமது பழைய கதைகளில் அது எப்படி இருக்கிறது? இவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

ஆண்மை என்பதை என்றும் மாறாத ஒன்றாக எண்ணும் பழக்கம் எம்மிடையே வலுவாக உள்ளது. குறளைத் திறந்து பார்த்தாலே இது ஆட்டங் காணும். பகைவனுக்கு அஞ்சாமையை ஓரிடத்தில் பேராண்மை என்னும் வள்ளுவர், அப்பகைவனுக்கு ஒரு இடுக்கண் வந்தவிடத்து உதவுவதை அதன் கூர்மை என்கிறார். இன்னோரிடத்தில், பிறனுடைய மனைவியைப் பாராதிருத்தலே அவருக்குப் பேராண்மை. ஐரோப்பாவுக்கு வந்தால், லூவர் நூதனசாலையில் 1701இல் இயசிந்த் ரிகோ வரைந்த பதினாலாம் லூயி மன்னனின் படம் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய அரசன் சுருள்முடி வைத்து, வெண்பட்டுக் காலுறை தெரிய, சிவப்புக் குதியுயர்ந்த சப்பாத்தோடு நிற்கிறான். அன்று அது அதிகாரம் மிக்க ஆணின் கோலம். இன்று அந்தக் கோலத்தில் எவராவது மெட்ரோவில் ஏறினால் எம்மவர் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சமையலுக்கு வருவோம். தமிழில் சிறந்த சமையலுக்கு நளபாகம், வீமபாகம் என்று பெயர். இரண்டும் ஆண்களின் பெயர்கள். அதே தமிழில் 'மடையன்' என்ற சொல்லுக்கு அகராதி சமையற்காரன் என்றும் முட்டாள் என்றும் இரு பொருள் தருகிறது. சமைக்கிற ஆணை உச்சியில் வைத்துப் பேசும் மொழியே அவனைக் காலடியிலும் போட்டிருக்கிறது.

*

நளன் கதையை எம்மவர் வழமையாக வாசிப்பது இப்படி: சூதில் நாட்டைத் தோற்ற மன்னன் மனைவியைக் காட்டில் விட்டுப் பிரிகிறான். கார்க்கோடகன் தீண்டி உருவம் மாறுகிறான். அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் இருக்கிறான். இறுதியில் எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. இந்த வாசிப்பில் சமையல் என்பது சனியன் பிடித்த காலத்தின் அடையாளம். அகப்பை ஒரு மாறுவேடம். நல்ல காலம் வந்ததும் கழற்றி எறியப்பட வேண்டியது.

ஆனால் வியாசரின் வனபருவத்தில் கதை வேறுவிதமாக நடக்கிறது. சுயம்வரத்தின்போது தேவர்கள் நளனுக்கு வரங்கள் கொடுக்கிறார்கள். அன்னத்தின் சுவை அறியும் வரத்தை யமன் கொடுக்கிறான். அக்கினி நெருப்பையும் வருணன் நீரையும் அவன் நினைத்த இடத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். அடுப்பு, தண்ணீர், ருசி. ஒரு அரசனுக்குக் கலியாணப் பரிசாகக் கிடைத்தது ஒரு முழுக் குசினி!

அதைவிட முக்கியமானது பின்னால் வருகிறது. உருமாறி வந்த வாகுகன் நளன்தானா என்று தமயந்திக்குச் சந்தேகம். அவன் சமைத்த இறைச்சியில் ஒரு துண்டை எடுத்துவரச் செய்து வாயில் போட்டுப் பார்க்கிறாள். உடனே அறிந்துகொள்கிறாள். எப்படி? முன்பு அவன் கையால் சமைத்ததைப் பலமுறை சாப்பிட்டவள் அவள் என்று காவியமே சொல்கிறது.

இந்த இடத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். நளன் நாடிழந்ததால் சமைக்கத் தொடங்கியவன் அல்லன். அரண்மனையில் அரசனாக இருந்தபோதே மனைவிக்குச் சமைத்துக் கொடுத்திருக்கிறான். அவனுடைய முகம் மாறியது, பெயர் மாறியது, தொழில் மாறியது. அவனிடம் மாறாதிருந்தது கைப்பக்குவம். சமையலை அவனுடைய மாறுவேடம் என்று வாசிப்பது கதையைத் தலைகீழாக வாசிப்பதாகும். அவனை அவனாகக் காட்டிக்கொடுத்ததே சமையல்தான்.

வீமனிடம் வருவோம். பன்னிரண்டு ஆண்டுகள் வனவாசம் முடிந்து, அஞ்ஞாதவாசத்துக்காக விராட நகரில் அரண்மனைச் சமையற்காரனாக இருக்கிறான். அருச்சுனன் பேடியாகி அரசகுமாரிக்கு ஆடல் பாடல் சொல்லிக் கொடுக்கிறான். திரௌபதி அரசியின் பணிப்பெண். கீசகனின் தொல்லை தாங்காமல் ஒரு இரவு அவள் மடைப்பள்ளியில் படுத்திருக்கும் வீமனைத் தேடிப் போகிறாள். ஐவரின் நிலையையும் சொல்லிப் புலம்புகிறாள். அரசனுக்குச் சந்தனம் அரைத்து அரைத்துக் காய்த்துப் போன தன் கைகளைக் காட்டுகிறாள். வீமன் அந்தக் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறான்.

பாரதத்தில் வீமனைவிடப் பலசாலி இல்லை. அவன் ஒரு பெண்ணின் உழைத்த கைகளைப் பார்த்து, சமையற்கட்டில் இருந்து அழுதான். எமது நாட்டுக்கூத்துகளிலும் சினிமாக்களிலும் கோயில் பிரசங்கங்களிலும் நாம் கண்டதும் கேட்டதும் கீசகனைக் கொன்ற வீமனை மட்டுமே. கொலை ஆண்மையாக நினைவிருக்கிறது. அழுகை மறந்துபோயிற்று. எதை நினைவில் வைப்பது என்று தெரிவு செய்தவர்கள் நாங்கள்; வியாசர் அல்லர்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக்காதையை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும். கோவலனும் கண்ணகியும் புகாரில் எல்லாம் இழந்து மதுரைக்குப் பெயர்ந்து வந்தவர்கள். மாதரியின் வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். மாநாய்கன் வீட்டுச் செல்வ மகளின் விரல்கள் காய்கறி அரிந்து சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது. இளங்கோ அதை அழகாகப் பாடுகிறார். கோவலன் இலையில் உண்கிறான். நளன் சமைத்தால் விதியின் கொடுமை. கண்ணகி சமைத்தால் கற்பின் அழகு. இருவரும் இடம்பெயர்ந்தவர்கள், இருவரும் வீழ்ந்த செல்வர்கள், இருவர் முன்னாலும் எரிந்தது ஒரே நெருப்பு. வியர்வைக்கு மட்டும் இரண்டு விலை.

*

இனி நாம் நிற்கும் குசினிகளுக்கு வருவோம். குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்றது. பிரெஞ்சுக்காரனின் 'குய்சின்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். சொல்லால் உறவு. ஆனால் உள்ளே போனால் உலகம் தலைகீழ். அங்கே சமையல் ஆம்பிளையின் வேலை.

அதை அப்படி ஆக்கியவர்களில் முக்கியமானவர் ஒகுஸ்ற் எஸ்கோபியே (1846–1935). 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையில் நடந்த போரில் இராணுவச் சமையற்காரராக இருந்தவர். பின்னர் லண்டன் சவோய் போன்ற பெரும் ஹோட்டல்களில் குசினியை ஒரு படைப்பிரிவு போல ஒழுங்கமைத்தார். அதன் பெயரும் 'பிறிகேட்' தான். மேலே ஷெஃப், அவருக்குக் கீழே துணை ஷெஃப், சோசுக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர், மரக்கறிக்கு ஒருவர். எல்லோருக்கும் கீழே பிளோஞ்சில் நிற்பவர். கட்டளை வந்தால் 'வி ஷெஃப்' என்று குரல் கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்து நெருக்கடிக்குப் பிரெஞ்சில் 'கூ து ஃபெ' என்பார்கள். துப்பாக்கி வேட்டுக்கும் அதே சொல்தான். வேட்டுக்குத் தப்பி வந்தவர்கள் நாளுக்கு இரண்டு தரம் அச்சொல்லைக் கேட்டபடி வெங்காயம் வெட்டுகிறோம்.

பெண்கள் வீடுகளில் செய்துவந்த அதே வேலைதான் இது. அதற்குச் சீருடையும் தரவரிசையும் சம்பளமும் கட்டளையும் வந்தபோது அது ஆண்மையாயிற்று. லியோன் நகரத்துப் பெண் சமையற்கலைஞர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவர்களை 'மேர்', அதாவது அம்மா, என்று அழைத்தார்கள். 1933இல் மிஷ்லன் வழிகாட்டி தன் மூன்று நட்சத்திரங்களை ஒரே ஆண்டில் இரண்டு உணவகங்களுக்குமாக யூஜெனி பிராசியேக்குக் கொடுத்தது. அப்படி ஆறு நட்சத்திரங்களை முதன்முதலில் பெற்றவர் அவர். பின்னாளில் புகழ்பெற்ற போல் போக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர். சிஷ்யன் ஷெஃப், குரு அம்மா. ஒருவருக்குத் தலைமைப் பதவி, மற்றவருக்கு உறவுமுறை.

1933 இல்தான் ஜோர்ஜ் ஓர்வெல்லின் பாரிஸ், லண்டன் வறுமை பற்றிய நூலும் வெளிவந்தது. அவர் பாரிஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவியவர். பிளோஞ்ச் வேலைக்காரர்களை நவீன உலகின் அடிமைகள் என்று அவர் எழுதிய பக்கங்களை எம்மில் எவர் வாசித்தாலும் தன்னைக் காண்பார். ஆண் சமையற்காரர்களை விரும்பி எடுப்பது அவர்களின் திறமைக்காக அல்ல, நேரந்தவறாமைக்காகவே என்றும் அவர் நேர்மையாகச் சொல்கிறார். ஆனால் பின்னர் அவர் வேலை செய்த சிறிய உணவகத்தில் சமைத்தவர் ஒரு பெண். காலை முதல் நடுச்சாமம் தாண்டியும் நின்று, நாள்தோறும் பலமுறை உடைந்து அழுத அப்பெண்ணின் அழுகை அந்நூலில் பாதி வேடிக்கையாகவே வந்துபோகிறது. ஹோட்டலின் ஆண்களிடம் தொழிற்பெருமையைக் கண்டவர் இப்பெண்ணிடம் நரம்புத்தளர்ச்சியைத்தான் கண்டார். உழைப்பாளிக்காகப் பரிந்தெழுதும் எழுத்தும் இந்த இடத்தில் வழுக்குகிறது.

*

எமது அவமானத்தில் இன்னொரு பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும். யாழ்ப்பாணத்தில் மற்றவன் சாப்பிட்ட எச்சிற் கோப்பையைத் தொடுவது ஆண், பெண் பிரச்சினை மட்டுமல்ல, சாதிப் பிரச்சினையும்தான். தேநீர்க்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்த சமூகம் எம்முடையது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மனிதரை மறித்து நின்ற சமூகம். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த வயதுவந்த ஆண்களை உயர்சாதிச் சிறுவர்கள் 'அடா' போட்டு அழைத்தார்கள். அந்த ஆண்களுடைய ஆண்மை பற்றி எவர் கவலைப்பட்டார்? எங்கள் 'ஆம்பிளை' என்ற சொல்லுக்குள் எல்லா ஆண்களும் ஒருபோதும் இருந்ததில்லை. பாரிசில் கோப்பை கழுவி அழும் எமது கதாநாயகன் எந்த ஆண்மையை இழந்ததற்காக அழுகிறான் என்று கேட்டால், பல கதைகளில் பதில் சங்கடமானதாகவே இருக்கும்.

கடைசியாக, எமது கதைகள் பெரும்பாலும் எழுதாமல் விடும் ஒன்று. விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் ஆறு பேர், எட்டுப் பேர் ஒரு அறையில் இருந்தவர்கள் நாங்கள். முறை வைத்துச் சமைத்தோம். இன்றைக்கு ஒருவர் சோறும் பருப்பும், நாளைக்கு மற்றவர் கோழிக்கறி. இரவு ஒரு மணிக்கு வேலையால் வருபவனுக்குச் சட்டியில் கறி மூடி வைக்கப்பட்டிருக்கும். எவரும் அதை அவமானம் என்று சொல்லவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் விசா கிடைக்கிறது, கலியாணம் நடக்கிறது, மனைவி வந்து சேர்கிறா. அன்றோடு அவன் வீட்டில் அகப்பையைத் தொடுவதில்லை. 'நாள் முழுக்க வேலையில சமைச்சுக் களைச்சுப் போனன்' என்கிறான். அந்தப் பெண்ணும் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிவிட்டு நாரி நோவோடு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறா.

தவறாக வாசிக்கப்பட்ட நளன் கதை இதுதான். சமையல் அஞ்ஞாதவாசத்து வேடம். மனைவி வந்ததும் நாடு திரும்பக் கிடைத்துவிட்டது, வேடம் கலைந்தது. நாடு என்று அவன் திரும்பப் பெற்றது, தனக்கு ஒருவர் சமைத்துப் போடும் ஒரு வீட்டை மட்டுமே.

புகலிட எழுத்து ஒரு காலத்தில் பல மௌனங்களை உடைத்தது. பெண்கள் எழுதினார்கள், சாதி பற்றி எழுதப்பட்டது, இயக்கங்களின் வன்முறை பற்றி எழுதப்பட்டது. 2009இன் பின் வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கங்களை வாசித்துத்தான் எழுதப் பழகினோம். ஆனால் குசினியில் நிற்கும் ஆண் இன்னமும் கண்ணீரோடுதான் நிற்கிறான். தாய் முப்பது வருடம் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்தது அவனுக்கு அப்போதாவது ஞாபகம் வந்ததா என்று கதை எழுதியவர்கள் கேட்பதில்லை. விமர்சனம் எழுதியவர்களும் கேட்பதில்லை. அவனுடைய துயரத்துக்கு எழுத்தில் இடம் இருக்கட்டும். அந்தத் துயரத்துக்குள் அவனுடைய தாயின் கைகளும் வரவேண்டும், திரௌபதியின் கைகள் வீமனின் முகத்துக்கு வந்ததுபோல. அப்படி ஒரு கதை வந்தால், அதில் வரும் ஆண் எப்படிப்பட்டவன் என்று நாம் கொஞ்சம் வேறுமாதிரிப் பேசத் தொடங்கலாம்.