தனிப்பாட்டு

2022ஆம் வருஷம் மாசி மாதம் மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் முறைக்குக் காத்து நின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து 'என்ஜாய் எஞ்சாமி' ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. கரும்பு வெட்டிவிட்டு வந்த கிழவி ஒருத்தி டிரைவர் பையனைக் கேட்டாள்:

"யாரு செத்ததுக்குப்பா பாடறாங்க?"

"சாவுப் பாட்டு இல்ல ஆயா, ஆடற பாட்டு."

"நீ ஆடு. பாடறவன் அழுவறானே!"

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பாட்டு 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். சினிமாவுக்காகச் செய்ததல்ல, தனியாக வெளியிட்டது. இங்கிலாந்தில் இதைச் 'சிங்கிள்' என்பார்கள். ரேடியோஹெட் என்ற ராக் குழுவை உலகறியச் செய்தது 1992இல் வந்த 'கிரீப்' என்ற ஒரு சிங்கிள்தான். நமக்கோ பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அதற்குக் கதை ஒன்று துணை நிற்கும். கதாநாயகி அழுதால் நாமும் அழுவோம். தனிப்பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது.

ஆனால் நமக்கு இது புதிதா? காளமேகத்தின் தனிப்பாடல்களை நம் பெரியவர்கள் எப்படிச் சொன்னார்கள்? யார் பாடியது, எந்தச் சந்தர்ப்பத்தில் பாடியது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பாட்டைச் சொன்னார்கள். அந்தச் சந்தர்ப்பம் பாட்டில் பாதி.

இந்தப் பாட்டின் பாதி, அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்கள். காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அதில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. பாட்டில் மரமும் பறவையும் மூதாதையும் வரிசையாக வருகின்றன. வளர்த்தவனுக்கு விளைச்சல் சேராத துக்கம் ஊடே வருகிறது. நடுவில் ஒப்பாரி. அதுதான் கிழவியின் காதில் விழுந்தது.

இதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். தாளம் அளவுக்கு மீறி இனிக்கிறது. கால் ஆட ஆரம்பித்தால் காது மூடிக்கொள்கிறது. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அழுகை கேட்டது?

அதே வருஷம் ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகத்து விருந்தினர் முன்னால் இந்தப் பாட்டு பாடப்பட்டது. மேடையில் அறிவு இல்லை. பாட்டு யாருடையது என்ற வழக்கு அதன்பின் ஊரெல்லாம் பேசப்பட்டது. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? பல கைகள் சேர்ந்த வேலை அது. ஆனால் வாசகன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நிலத்தில் பாடுபட்டவனுக்கு நிலத்தில் இடமில்லை என்பது பாட்டின் பொருள். அதை எழுதியவனுக்கு அது பாடப்படும் மேடையில் இடமில்லாமல் போனால், பாட்டு சொன்னது மறுபடி நடந்தது என்றுதானே அர்த்தம்?

ஆலை வாசல் திறந்தது. டிராக்டர் நகர்ந்தது. கிழவி தன் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு, அடுத்த கொல்லைக்குப் புறப்பட்டாள்.