மூத்த மகனின் கோபம்

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, நெம்மேலி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை விலை ஏற ஏற, கூடப்பிறந்தவர்களுக்குள் பேச்சு நின்றுபோவது எல்லா மதத்தாரிடமும் நடப்பதுதான். கத்தோலிக்கக் குடும்பமானால், தவக்காலமோ கல்யாணமோ வரும்போது பங்குத்தந்தையோ அன்பியம் எனும் பங்குக் குழுவின் பெரியவர்களோ நடுவில் நின்று சேர்த்துவைக்கிறார்கள். காணிக்கை செலுத்தும் முன் சகோதரனோடு சமாதானமாகி வரச் சொல்கிறது மத்தேயு 5-ஆம் அதிகாரம். அதை நம்பி எடுக்கும் இந்த முயற்சி பெரிது. வருடக்கணக்கில் இழுக்கும் பாகப்பிரிவினை வழக்கு, ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்க வைப்பதில்லை, இது வைக்கிறது. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. “அதான் சேர்ந்தாச்சே, இன்னும் என்ன கோபம்?” என்கிறார்கள். கோபம் மிஞ்சியிருந்தாலே மன்னிக்கவில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது.

திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. பட்ட காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் மனிதர் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் மன்னிக்கும்படி கேட்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றும் உண்டு. குடும்பச் சமாதானத்தில் மூன்றாவது நழுவிவிடுகிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் பிள்ளைகளுக்குரிய பாகம் மகனுக்கும் மகளுக்கும் சமம். அப்படியிருக்க, ‘உனக்குத்தான் கல்யாணத்துக்குச் செய்தாச்சே’ என்று சொல்லி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய தம்பி, பத்திரத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் பந்திக்கு அழைத்தால் அவள் கோபம் எப்படித் தணியும்? லூக்கா நற்செய்தி 19-இல் வரிவசூல்காரன் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். அந்த வீட்டுக்குத்தான் மீட்பு வந்தது.

ஊதாரி மைந்தன் உவமையில், திரும்பி வந்த மகனிடம் தந்தை கணக்குக் கேட்கவில்லையே என்பார்கள். உண்மைதான், மன்னிப்புக்குப் பரிகாரத்தை நிபந்தனையாக்கினால், திருப்பித் தராமலே செத்துப்போகிறவரிடம் நம் மனம் காலமெல்லாம் அடகு கிடக்கும். அதனால் கோபத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அந்த முடிவு காயம்பட்டவருடையது. அதைக் கேட்டு வாங்கும் உரிமை காயப்படுத்தியவருக்கு இல்லை. அதே உவமையில், இளையவனுக்காக வைத்த விருந்துக்கு வராமல் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகனைத் தந்தை கடிந்துகொள்ளவில்லை. தானே வெளியே வந்து வருந்தி அழைத்தார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. சேர்த்துவைக்கும் பெரியவர்களே, விருந்துக்கு நாள் குறிக்கும் முன் அந்தப் பத்திரத்தை நடுவில் வைத்துப் பேசுங்கள். அக்காவின் கோபத்துக்குக் கெடு வைக்காதீர்கள்.