பிந்திப் பூத்த கரிசல் பூ

இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன் எழுதத் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். ‘கோபல்ல கிராமம்’ நாவல் 1976-இல் வெளிவந்தபோது ஐம்பதையும் கடந்திருந்தார். பிந்திப் பூத்த அப்பூவின் மணம் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மை ஈர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. தெலுங்கு நாட்டினின்று தப்பியோடித் தெற்கே கரிசல் மண்ணில் குடியேறியவர்களின் கதை அது. நம்மிற் பலரோ பிழைப்பு நாடித் தெற்கிலிருந்து இங்கு வந்தவர்கள்.

சென்னாதேவியின் பேரழகால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தை முதுபாட்டி மங்கத்தாயாரு சொல்லக் கேட்கிறோம். ஆயினும் நூல் ஒப்பாரியாவதில்லை. ஊரார் சூட்டும் பட்டப்பெயர்களிலும் அவர்தம் குறும்புகளிலும் நகைச்சுவை ஊற்றெடுக்கிறது. வேரூன்றிவிட்டவர்களின் சிரிப்பு அது. கதைக்கோப்பு தளர்ந்தது என்பாரை நாம் மறுக்கவில்லை. பாட்டி சொல்லும் கதை அப்படித்தான் கிளைக்கும்.

வீட்டில் தெலுங்கு பேசிய மரபு தமிழுக்கு இத்தகைய கதைசொல்லியை ஈந்தது. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 2021-இல் அவர் மறைந்தார்.

நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு பேசுவது கண்டு நாம் கலங்குகிறோம். கலங்க வேண்டியது அதற்கன்று. நம் வீட்டுப் பாட்டிமார் தமிழில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்களே, அதற்கே.